வளர்பிறை மூங்கில்

உல்பியோ மொரெய்ரா அண்ணன் நிலாவைக் கேட்காமல் தலைமுடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். வளர்பிறையில் வெட்டினால்தான் முடி அடர்த்தியாக வளரும் என்பார். இப்போது அவருக்கு இருப்பது காதோரத்தில் கொஞ்சம். மிச்சமெல்லாம் எந்தப் பிறையில் போனது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

எங்கள் கர்ரிசால் ஆற்றங்கரையில் எல்லோருமே நிலா பார்த்து நடக்கிறவர்கள்தான். கோழியை அடைக்கு வைப்பது வளர்பிறையில். பன்றிக்குட்டிக்குக் காயடிப்பது தேய்பிறையில். சோளம் ஒடிப்பதும் தேய்பிறையில்தான், இல்லாவிட்டால் மூட்டையிலேயே வண்டு விழும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் எனக்கு நிலா பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. ஒருநாள் முறைத்துக்கொண்டாலும் மறுநாள் பேசிக்கொள்ளலாம். அண்ணன் அப்படியில்லை. புது மருமகள் மாமியாரிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொள்வார்.

மூங்கில் விஷயத்தில்தான் அவர் எல்லாவற்றையும்விடக் கறார். எங்கள் ஊர்ப் பக்கம் வீடுகள் தரையில் உட்காராமல் தூண்மேல் நிற்கும். தூண் மட்டும்தான் வைரம் பாய்ந்த மரம். தரை, சுவர், கூரைச் சட்டம் எல்லாம் மூங்கில். பிஞ்சு நிலாவில், அதாவது வளர்பிறையில், மூங்கிலுக்குள் நீர் ஏறி நிற்கும். அந்த நீர் இனிப்பு. இனிப்புக்கு வண்டு வரும். வண்டு வந்தால் வீடு மாவாகும். இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும், பூசையில் வாசகம் வாசிக்கிறவர் மாதிரி.

அவர் அப்படி நிலா பார்த்துக் கட்டிய வீட்டைத்தான் ஒரு மழைக்காலத்தில் ஆறு கொண்டுபோயிற்று. வண்டு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. தூண்களிலிருந்து கழன்று, அப்படியே முழுசாக, அடுப்போடும் தொங்கிய வாழைத்தாரோடும், கரையை அறுத்துக்கொண்டு வந்த தண்ணீரில் மிதந்து போனது. அண்ணனும் எடில்மா மதினியும் மகள் நெல்வாவும் மருமகன் ஹோஃப்ரெயும் என் வீட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் கடலோரத்தில் இறால் பண்ணையில் வேலை செய்கிறார், எப்போதாவதுதான் வருவார். வீட்டில் இடம் இருந்தது. நெல்வாவுக்கு நான் ஞானத்தாய் வேறு. கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியில் அவள் வீறிட்டு அழுதபோது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். அவர்கள் வந்ததில் எனக்குச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். தனியாக வாழைக்காய் சுட்டுத் தின்று சலித்துப்போயிருந்தேன்.

நெல்வா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் பிறக்கும் கணக்கு. அதற்குள் மேட்டில் புது வீடு எழும்பிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் பக்கம் குழந்தையின் தொப்புள்கொடியைப் பெற்றவர்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழே புதைப்போம். அந்த வீடுதான் அதற்கு ஊர். வேறு எங்கே போய்ப் பிழைத்தாலும் அந்தப் படிக்கு ஒருநாள் திரும்பி வரும் என்பது எங்கள் நம்பிக்கை. பிள்ளை சொந்த வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்று நெல்வா முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. ஆறு வடிந்ததும் பழைய வீட்டுத் தூண்களைச் சேற்றிலிருந்து மாடு கட்டி இழுத்து மேட்டுக்குக் கொண்டுவந்தார். கூரைக்கான ஓலையை ஒரு தேய்பிறையில் வெட்டி நிழலில் உலர்த்திவைத்தார். மூங்கில் மட்டும்தான் பாக்கி. கடைசியாக ஒரு தேய்பிறை மிச்சம் இருந்தது. கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு பௌர்ணமிக்காகக் காத்திருந்தார்.

பௌர்ணமிக்கு மறுநாள் மேல்கரை பிலதெல்ஃபோ கிழவர் செத்துப்போனார். உயிரோடு இருந்தபோது ஒரு முழம் வழிகூட யாருக்கும் விடாத மனுஷன். போகிற நேரத்தையும் பார்த்துத்தான் போனார். ஊரில் ஒருவர் இறந்தால் நவநாள் செபம் முடிகிறவரை நாங்கள் பச்சை எதையும் வெட்ட மாட்டோம். ஆகவே ராத்திரிதோறும் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து அவருடைய ஆன்மாவுக்காகச் செபித்தோம். அண்ணன் செபமாலையை உருட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக நிலா தேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். செபம் முடிந்த காலையில், மலைப்பக்கம் முன்கூட்டியே பெய்த மழையால், மூங்கில்தோப்புக்குக் குறுக்கே ஓடும் ஓடை ஆள் உயரம் நிரம்பிவிட்டது. தண்ணீர் வடிந்தபோது அமாவாசை கழிந்து மேற்கில் கீற்று நிலா தெரிந்தது.

"பார்த்தீங்களா, சிரிக்குது" என்றேன் நான்.

"உனக்கு எப்பவும் விளையாட்டுதான் தங்கச்சி" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போதே சண்டை ஆரம்பித்தது. எடில்மா மதினி வறுத்த சோளத்தையும் வேர்க்கடலையையும் இடித்துக்கொண்டிருந்தாள். நான் தணலில் வாழைக்காய் புரட்டிக்கொண்டிருந்தேன். மருமகன் ஹோஃப்ரெ குவயாகில் நகரத்துப் பையன். வாழைத்தோப்புகளின் தண்ணீர் மோட்டாரைப் பழுதுபார்க்க இந்தப் பக்கம் வந்தவன், நெல்வாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. நல்லவன். ஆனால் வாயை அடக்கத் தெரியாது.

"மாமா, ஓடை வடிஞ்சிடுச்சு. இன்னிக்கே போய் வெட்டிட்டு வந்துடலாம்."

"என்னத்த வெட்டறது?"

"மூங்கிலத்தான்."

"மேல பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"பாத்தேன். வானம் நீலமா இருக்கு. மழை இல்ல."

மதினி இடிப்பதை நிறுத்தினாள்.

"பிஞ்சு நிலா" என்றார் அண்ணன். "இப்ப வெட்டின மூங்கில் வீடு இல்ல, வண்டுக்கு விருந்து."

"மாமா, குவயாகில்ல எங்க வீடு சிமெண்ட். அதைக் கட்டும்போது நிலா எங்க இருந்துச்சுன்னு கொத்தனாருக்கே தெரியாது."

"அதான் சுவரெல்லாம் விரிசல்னு உங்கம்மா போன தடவை அழுதாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹோஃப்ரெக்கும் வந்தது. ஆனால் அவன் விடவில்லை.

"சரி, உங்க கணக்குப்படி எப்ப வெட்டலாம்?"

"அடுத்த பௌர்ணமி கழிஞ்சு."

"அதுக்குள்ள உங்க பேரப்பிள்ளை பிறந்து என் மடியில மூத்திரம் பெஞ்சிருக்கும்."

"பெய்யட்டும். தங்கச்சி வீட்டுல பிறந்தா என்ன, கொறஞ்சா போயிடும்?"

"அப்பா" என்றாள் நெல்வா. "நான் எங்க வீட்டுலதான் பெத்துக்குவேன்."

"வீடு எங்கம்மா இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மதினி உலக்கையைத் தூக்கி, ஒரு தடவை கல்லில் ஓங்கி இடித்தாள். "நிலாவுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சிருக்கணும் உங்களை" என்றாள் புருஷனைப் பார்த்து. அண்ணன் இடித்த பொடியை வாழைக்காயில் தொட்டுத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். பாதியில் எழுந்துபோனார். அவர் தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. ஹோஃப்ரெ இரண்டு தடவை கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இரண்டு தடவையும் அண்ணன் படியின் கடைசிக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு நகரவில்லை. மாமனாரைத் தாண்டிப் போகிற அளவுக்கு அவன் துணிந்தவன் இல்லை. புழுக்கம் வேறு. காற்று அசையவில்லை; கோழிகள் வீட்டடியில் அலகைத் திறந்துகொண்டு கிடந்தன. மேற்கே ஒவ்வொரு சாயங்காலமும் நிலா கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்துக்கொண்டு வந்தது. நெல்வாவும் அப்படித்தான்.

ஒருநாள் மத்தியானம் நானும் நெல்வாவும் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். தட்டிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஊஞ்சல்வலையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். எனக்கு மனதில் ஒரு குறை இருந்தது. கேட்டுவிட்டேன்.

"ஏண்டி, என் வீட்டுப் படி உனக்குக் கசக்குதா?"

"என்ன அத்தை இப்படிக் கேக்கறீங்க?"

"பின்ன என்ன? நான் உன்னைத் தூக்கி வளர்த்தவ. எனக்குன்னு ஒரு பிள்ளை இல்ல. என் படிக்கட்டுக்குக் கீழ ஒரு கொடி புதைக்கற பாக்கியம் எனக்குக் கிடைக்கக் கூடாதா?"

அவள் கடலையை மடியில் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க படில எனக்கு என்ன குறை அத்தை? நான் சொல்றது வேற. என்னோட கொடி எங்க வீட்டுப் படிக்குக் கீழதான் இருந்துச்சு. அம்மா காட்டியிருக்காங்க. சின்னதுல அந்த இடத்துல மட்டும் கோழி கிளறாமப் பாத்துக்குவேன். இப்ப அங்க ஆறு ஓடுது."

"அதுக்கு என்னடி செய்ய முடியும்?"

"ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா இந்த ஊர்லயே இருந்துக்கிட்டு வெளியூர்க்காரி மாதிரி இருக்கு எனக்கு. யாராவது உன் இடம் எதுன்னு கேட்டா தண்ணியைத்தான் காட்டணும். எம்பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது. அந்த வீடு ஒரு வருஷம்தான் நிக்கும்னாலும் சரி. எங்களுதா இருக்கணும்."

அவளைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? அப்போதுதான் கவனித்தேன், தட்டிக்கு அந்தப் பக்கம் வலை ஆடுகிற சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனைக் காணவில்லை. சாய்ந்த வெயில். ஓடைப் பக்கமிருந்து வெட்டுகிற சத்தம் வந்தது. ஹோஃப்ரெ என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இருவரும் ஓடினோம்.

தோப்பில் அண்ணன் தனியாக நின்று மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு குவியல் கிடந்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பட்டப்பகலில் கிழக்கே அரைக்கு மேல் வளர்ந்த நிலா வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தது. மூங்கிலை விடிவதற்கு முன்னால்தான் வெட்ட வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொன்னவரும் அவர்தான். ஒரு சட்டத்தை மீறுவதென்று முடிவு செய்த பிறகு எல்லாவற்றையும் சேர்த்தே மீறிவிட்டார்.

"அண்ணே, என்ன இது?"

"மூங்கில்."

"அது தெரியுது. மேல பாத்தீங்களா?"

"இன்னிக்குப் பாக்கறதா இல்ல."

ஹோஃப்ரெ கிட்டே போனான். அவனுக்கு ஜெயித்த சந்தோஷம் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பயந்தவன் மாதிரி மெதுவாகத்தான் கேட்டான்.

"மாமா, உளுத்துப்போகும்னு சொன்னீங்களே?"

"போகும்."

"தெரிஞ்சேவா வெட்டறீங்க?"

"தெரிஞ்சுதான் வெட்டறேன். பிறக்கற பிள்ளைக்கு இப்ப வீடு வேணும். இது எப்படியும் ஒரு மழையைத் தாங்கும்."

"அதுக்கப்புறம்?"

அண்ணன் கத்தியை மூங்கில்மேல் சாய்த்துவைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறத்துக்கு நான் இருக்கேன்ல" என்றார்.

ஹோஃப்ரெ சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தான். முதல் வெட்டிலேயே அண்ணன் கத்த ஆரம்பித்துவிட்டார். "கணுவை ஒட்டி மேல வெட்டுங்க மாப்பிள்ளை! கிண்ணம் மாதிரி விட்டீங்கன்னா தண்ணி தேங்கித் தூரே அழுகிடும். குவயாகில்ல இதுகூடச் சொல்லித் தரலியா?" எனக்கு அப்போதுதான் மனம் ஆறியது. அண்ணன் பழைய அண்ணனாகவே இருந்தார்.

வீடு எழுப்ப ஊரே வந்தது. மூங்கிலை நீர் வடிய நிறுத்திவைக்கவும் நேரமில்லை. பச்சையாகவே பிளந்து, பாயாக விரித்து, தரையிலும் சுவரிலும் அடித்தார்கள். மதினியும் நானும் வேர்க்கடலையை அரைத்து ஊற்றி, மீனும் சோளக்கதிர்த் துண்டும் போட்டு ஒரு பெரிய சட்டியில் கொதிக்கவைத்தோம். சாப்பிட வந்தவர்கள் யாரும் அண்ணனைச் சும்மா விடவில்லை.

"உல்பியோ, வண்டுகளுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாச்சா?"

"சொல்லியாச்சு. உன் வீட்டு வண்டுதான் முதல்ல வருதாம். அங்க சாப்பாடு சரியில்லையாம்."

"நிலா கோவிச்சுக்காதா?"

"எம்பொண்டாட்டி கோவத்தையே தாங்கினவன் நான்."

சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னார். ஆனால் ஒவ்வொரு மூங்கிலையும் கட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பலி கொடுக்கப்போகிற ஆட்டைத் தடவுகிற மாதிரி இருந்தது எனக்கு.

கூரை போட்டு முடித்த அதே வாரத்தில் நெல்வாவுக்கு வலி கண்டது. அந்த வருஷத்து முதல் மழையும் அப்போதுதான் பிடித்தது. பெண் குழந்தை. யாயிரா என்று பெயர். அண்ணன் மழையிலேயே இறங்கிப் படிக்கட்டின் கீழே குழி தோண்டினார். கொடியை வைத்து மண்ணை மூடி, மேலே ஒரு தட்டைக் கல்லும் வைத்தார், கோழி கிளறாமல் இருக்க. நெல்வா படுத்த இடத்திலிருந்தே தரை இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் அன்று பார்த்தேன். என் படியைப் பற்றிய குறை அத்தோடு எனக்குப் போய்விட்டது.

வண்டுகள் சொன்ன சொல் தவறவில்லை. மழை விடுவதற்கு முன்பே சுவர் ஓரங்களில் மாவு உதிர ஆரம்பித்தது. சூப்புச் சட்டிமேல் விழுந்தது, குழந்தையின் கொசுவலைமேல் விழுந்தது, நெல்வாவின் முடியில் விழுந்தது. மதினி சாப்பிடும்போது தட்டுக்கு மேல் வாழையிலை பிடித்துக்கொள்வாள். வேண்டுமென்றேதான், புருஷன் பார்க்கட்டும் என்று.

"இன்னிக்கு உப்பே போட வேணாம்" என்பாள். "வீடே போடுது."

அண்ணன் பௌர்ணமி கழியும்வரை காத்திருப்பார். பிறகு விடிவதற்கு முன் ஓடையைத் தாண்டிப்போய், தோளில் தாங்குகிற அளவு மூங்கில் வெட்டி, தோப்பிலேயே நீர் வடிய நிறுத்திவைப்பார். அது உலர்ந்ததும் வீட்டில் எது மோசமாக உளுத்திருக்கிறதோ அதை உருவிவிட்டு இதைச் சொருகுவார். அடுத்த தேய்பிறையில் இன்னும் கொஞ்சம். வீட்டில் இருந்தவர்கள் யாரையும் கிளப்பாமல், குழந்தை தூங்குகிற அறையைக் கடைசிக்கு வைத்து, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வீட்டை மாற்றிக்கொண்டே போனார். ஹோஃப்ரெயும் போவான். போகிற வழியெல்லாம் இருவருக்கும் வாக்குவாதம்தான்.

"மாமா, பச்சையாக் கட்டினதாலதான் வண்டு வந்துச்சு. நிலாவால இல்ல. காயவெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"அப்படின்னா நீங்க ஒண்ணு பிஞ்சு நிலாவுல வெட்டிக் காயவெச்சுக் கட்டுங்க, பாக்கலாம்."

"வீடு என்ன விளையாட்டா மாமா?"

"பாத்தீங்களா, உங்களுக்கும் பயம் இருக்கு."

யாயிரா தவழ்ந்தாள், பிடித்துக்கொண்டு நின்றாள், ஓடவும் தொடங்கிவிட்டாள். அவள் காலடியில் தரை மாறிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகப் பழைய மூங்கிலில் உள்ளறைத் தரைச் சட்டம் ஒன்றுதான் பாக்கி என்று ஆனது. அன்று நானும் போயிருந்தேன். நெல்வா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். அண்ணன் வீட்டடியில் புது மூங்கிலைத் தோளில் தாங்கியபடி, உள்ளே செருகத் தயாராக நின்றார். மேலே ஹோஃப்ரெ கயிற்றை அவிழ்த்துப் பழையதை வெளியே இழுத்தான். கத்தியின் முதுகால் தட்டிப் பார்த்தான்.

உளுத்த மூங்கிலைத் தட்டினால் மொத்தென்று கேட்கும். இது கணீரென்றது.

இன்னொரு தடவை தட்டினான். புரட்டிப் பார்த்தான். ஒரு துளைகூட இல்லை. வளர்பிறையில், பட்டப்பகலில், நிலா பார்க்க வெட்டி, பச்சையாகக் கட்டிய மூங்கில் அது. காய்ந்து இரும்பாக இருந்தது. வந்த நாளிலிருந்து மாமனாரிடம் ஜெயிக்க வேண்டும் என்று அவன் எவ்வளவு ஆசைப்பட்டான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மதினி கையை வாயில் வைத்துக்கொண்டாள். இதோ சொல்லிக்காட்டப்போகிறான் என்று நான் காத்திருந்தேன்.

"இதுவும் போச்சு மாமா" என்றான் ஹோஃப்ரெ. "முழுக்க உளுத்துட்டுது. கொண்டுபோய் அடுப்புல வெச்சுடறேன்."

கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது.

"மாப்பிள்ளை."

"என்ன மாமா?"

"எனக்குக் கண்ணுதான் கொஞ்சம் மங்கல். காது நல்லாக் கேக்கும்."

ஹோஃப்ரெ குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணன் புது மூங்கிலைத் தரையில் கிடத்திவிட்டுப் படியேறி வந்தார். அவன் கையிலிருந்த பழைய மூங்கிலை வாங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பொய் சொல்ல உங்களுக்கு வரல. இருந்த இடத்துலயே வெச்சுக் கட்டுங்க."

"மாமா, இது பிஞ்சு நிலா மூங்கில்."

"தெரியும்" என்றார் அண்ணன். "நான்தானே வெட்டினேன்."

ஒரு முனையை அவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மறுமுனையை மருமகன் கட்டினான்.